காதுக்கு நின்றவர்

"சாமி, ஒரே ஒரு சொல் பாக்கி. அதை முடிக்கப் பயமா இருக்கு."

மலையேறி வந்து உட்கார்ந்ததும் குற்றாலிங்கம் வாத்தியார் பேசிய முதல் பேச்சு இதுதான். நெற்றி வேர்வையைக்கூட அவர் இன்னும் துடைத்திருக்கவில்லை.

தங்கச்சி சாமி முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். நிமிரவில்லை.

"என்ன சொல்லு?"

"ரன்."

"கிரிக்கெட்டுல எடுப்பாங்களே, அதா?"

"அதுவும் உண்டு."

"அதுவும்னா?"

வாத்தியார் தோள் பையிலிருந்து ஒரு கட்டுச் சீட்டுகளை எடுத்து முன்னால் வைத்தார். நூல் சுற்றிக் கட்டியிருந்தது. செங்கல் பருமன் இருக்கும்.

"இத்தனையும் அந்த ஒரு சொல்லுக்குத்தான்."

சாமி இப்போதுதான் நிமிர்ந்து பார்த்தார்.

மலைமேல் இருந்த அந்தக் குடிலுக்கு முதலில் வந்தவர் ஒரு துறவி. அவருக்குத் துணையாகத் தங்கையும் வந்தாள். ஊர்க்காரர்கள் அவரை அண்ணன் சாமி என்றார்கள். ஒரு மழைக்காலத்தில் குடிலுக்குக் கீழே ஓடும் காட்டாறு அண்ணனைக் கொண்டுபோய்விட்டது. தங்கை மலையை விட்டு இறங்கவில்லை. அன்றிலிருந்து அவர் தங்கச்சி சாமி. வாத்தியாரைவிட இருபது வயதாவது இளையவர். ஆனாலும் வாத்தியார் அவர் முன்னால் கை கட்டித்தான் உட்கார்ந்திருந்தார்.

வாத்தியார் பள்ளிக்கூடத்தில் ஆங்கிலம் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவர். ஆங்கிலச் சொற்களுக்குத் தமிழில் பொருள் சொல்லும் அகராதி ஒன்றைத் தனி ஆளாய் எழுதிக்கொண்டிருந்தார். யாரும் கேட்டு எழுதவில்லை. எழுதாமல் இருக்க முடியவில்லை, அவ்வளவுதான்.

"முதல் எழுத்திலேர்ந்து கடைசி எழுத்து வரைக்கும் போயிட்டு வந்துட்டேன், சாமி. எல்லாம் முடிஞ்சுது. இந்த ஒண்ணுதான் நிக்குது."

"ஓடுற சொல்லு எப்படி நிக்கும்?"

வாத்தியாருக்குச் சிரிப்பு வரவில்லை.

"வெள்ளைக்காரனுக்கு எல்லாமே ஓட்டம்தான், சாமி. மூக்கு ஒழுகினா ரன். துணியில சாயம் போனா ரன். கடை நடத்தினா ரன். சினிமா நூறு நாள் ஓடினாலும் ரன். தேர்தல்ல நாம நிக்கிறோம். அவன் அங்கேயும் ஓடுறான்."

அடுப்படியிலிருந்து ஆவுடையின் குரல் வந்தது. அவள்தான் குடிலில் சமைப்பவள்.

"நம்ம ஊர்லயும் ஓடத்தானே செய்றாக. ஜெயிச்சப்புறம்!"

சாமி சிரித்தார். கீரைக் காம்பை ஒடித்துப் போட்டார்.

"பாக்கி என்ன?"

வாத்தியார் கட்டின் அடியிலிருந்து ஒரு சீட்டை உருவினார். தலையில் ஆங்கிலத்தில் ஒரு வரி. கீழே வெள்ளையாக இருந்தது.

"ஒரு நோயோ ஒரு குணமோ அப்பன்கிட்டயிருந்து பிள்ளைக்கு வருதுல்ல. அதையும் குடும்பத்துல ஓடுதுன்னுதான் அவன் சொல்றான்."

"தமிழ்ல அதுக்குச் சொல்லு இல்லையா?"

"இருக்கு. வழிவழியா வர்றது. பரம்பரையா வர்றது."

"எழுத வேண்டியதுதானே."

"கை வரலை."

சாமி கீரையைத் தள்ளி வைத்தார்.

"அப்பாவுக்கு என்ன வந்துச்சு?"

சாமி எப்படிக் கண்டுகொண்டார் என்று வாத்தியார் கேட்கவில்லை.

"அப்பா காய்கறிச் சந்தையில ஏலம் கூறுறவர். அவர் குரல் எடுத்தா தெருக்கோடி வரைக்கும் கேக்கும். ஒருநாள் கத்தரிக்காய்க் கூடையைத் தூக்கிக் காட்டுறார். பேர் வரலை. 'இந்தா இது, இந்தா இது'ங்கிறார். சந்தையே சிரிச்சுது. விளையாடுறார்னு நினைச்சாங்க."

"அப்புறம்?"

"ஒவ்வொண்ணாப் போச்சு. காய் பேரு. தெருப் பேரு. என் பேரு. என்னை 'அண்ணே'ன்னு கூப்பிட்டார். அப்புறம் அதுவும் இல்லை. தண்ணி கேக்கணும்னா டம்ளரைப் பார்த்துக்கிட்டே உட்கார்ந்திருப்பார்."

"ம்."

"பேச்சு போனப்புறம் பிடிக்க ஆரம்பிச்சார், சாமி. அதுதான் பெரிய கொடுமை. சும்மா ரோட்டுல நடந்துகிட்டிருப்போம். திடீர்னு என் மணிக்கட்டைப் பிடிப்பார். நகம் பதியும். விடவே மாட்டார். ஒரு தடவை பஸ் எங்களை உரசுற மாதிரிப் போகுது. அத்தனை சனமும் பார்க்குது. என்னை இழுத்துச் சாக்கடையில தள்ளிட்டார். கிழவனுக்கு முத்திப்போச்சுன்னு எல்லாரும் சிரிச்சாங்க. நானும் ரோட்டுல வச்சு அவரை அதட்டிட்டேன்."

வாத்தியார் தன் சட்டைக் கையைப் பார்த்துக்கொண்டார்.

"அந்த நாள்லதான் முழுக்கைச் சட்டை போடப் பழகினேன். பள்ளிக்கூடத்துல பிள்ளைகள் கண்ணுல படக் கூடாதேன்னு."

சாமி முழுக்கைச் சட்டையைப் பார்த்தார். இப்போதும் அதேதான்.

"இப்போ உங்களுக்கு?"

"என் மகள் பேரு குழல்வாய்மொழி. நான் தேடித் தேடி வச்ச பேரு. அன்னைக்குப் போன்ல 'அப்பா'ங்கிறா. எனக்குப் பேர் வரலை. தலைக்குள்ள அந்த இடத்தைத் தொட்டுத் தொட்டுப் பார்க்கிறேன். பல்லு விழுந்த இடம் மாதிரி இருக்கு. 'அம்மாடி'ன்னு சொல்லிச் சமாளிச்சேன். அன்னைக்கிலேர்ந்து எப்பவும் அம்மாடிதான். அப்பாவுக்குப் பாசம் கூடிப்போச்சுன்னு அவளுக்கு ஒரே சந்தோஷம்."

"டாக்டரைப் பார்த்தீங்களா?"

"பார்த்தா இந்தச் சீட்டை அவர் எழுதிடுவார், சாமி."

ஒரு காகம் கூரையில் உட்கார்ந்து கத்திவிட்டுப் போனது.

"நான் என்ன செய்யணும்?" என்றார் வாத்தியார்.

சாமி முறத்தை அவர் பக்கம் நகர்த்தினார்.

"கீரை ஆய வருமா?"

"வரும்."

"அப்ப இருங்க."

*

இருந்தார்.

விடிந்ததும் எழுந்திருக்க மாட்டார். பாயில் படுத்தபடியே ஒவ்வொன்றாய்ப் பெயர் சொல்லிப் பார்ப்பார். கூரை. கயிறு. ஆணி. செம்பு. எல்லாம் வந்தால்தான் காலைத் தரையில் ஊன்றுவார்.

ஒரு காலையில் சுவரில் மாட்டியிருந்த ஒன்றுக்குப் பெயர் வரவில்லை.

புடைக்கிறது. மூங்கிலில் செய்தது. முதல் நாள் அதில்தான் கீரை ஆய்ந்தார். ஆங்கிலத்தில் அதற்கு என்ன என்று தெரிகிறது. தமிழில் வரவில்லை.

அசையாமல் கிடந்தார். அசைந்தால் இன்னும் ஒன்று கொட்டிவிடுமோ என்று இருந்தது.

ஆவுடை உள்ளே வந்தாள்.

"என்ன வாத்தியாரய்யா, வெயில் முதுகுல ஏறிட்டு, இன்னும் படுக்கையா? அந்தச் சுளகை எடுங்க."

சுளகு.

வாத்தியார் எழுந்து அதை எடுத்துக் கொடுத்தார். வாய் மட்டும் 'சுளகு, சுளகு' என்று சொல்லிக்கொண்டிருந்தது. ஆவுடை அதைக் கவனித்தாள். ஆனால் கேலி செய்யவில்லை. அவள் கேலி செய்யாதது அவரை இன்னும் பயமுறுத்தியது.

அன்று சாமியிடம் போய், "எனக்கு ஏதாவது சொல்லுங்க" என்று கேட்டார்.

"சொல்லுதான் உங்ககிட்ட ஏற்கனவே நிறைய இருக்கே" என்றார் சாமி.

*

குடிக்கிற தண்ணீர் ஆற்றிலிருந்துதான் வர வேண்டும்.

ஆற்றின் நடுவே ஒரு குழிப்பாறை உண்டு. மேலிருந்து தண்ணீர் தடித்த கயிறுபோல அதற்குள் விழும். அங்கேதான் நீர் தெளிவாக இருக்கும். ஆனால் விழுகிற இரைச்சலில், அங்கே நிற்பவருக்கு மலைப்பக்கம் என்ன நடக்கிறது என்று கேட்காது. மலையில் மேலே எங்கேயோ மழை கொட்டினால், இங்கே வெயில் காய்ந்துகொண்டிருக்கும்போதே வெள்ளம் வந்துவிடும். அண்ணன் சாமி தனியே குடம் எடுத்துப் போன நாளும் நல்ல வெயில் நாள்தான்.

அதற்குப் பிறகு குடிலில் ஒரு வழக்கம் வந்தது. தண்ணீருக்கு ஒருவர் போனால் காதுக்கு ஒருவர் நிற்க வேண்டும்.

காதுக்கு நிற்பவர் கரையோரத்து மேட்டுப் பாறையில் மலையைப் பார்த்து நிற்பார். வேடிக்கை பார்க்கக் கூடாது. வாயைத் திறக்கக் கூடாது. மேலே சத்தம் மாறினால் ஒரே ஒரு கூப்பாடு. கல் உருள்வது குழிப்பாறையில் கேட்காது. கரையிலிருந்து கூப்பிடும் மனிதக் குரல் கேட்கும்.

எப்போதும் ஆவுடைதான் காதுக்கு நிற்பாள். அன்று அவளுக்குக் காய்ச்சல்.

சாமி குடத்தை எடுத்தார்.

"வாங்க வாத்தியாரே. காதுக்கு நிக்கணும்."

"நானா?"

"இங்கே வேற யாரு இருக்கா?"

"இன்னைக்குத் தண்ணி வேண்டாமே, சாமி."

"அவளுக்குக் கஞ்சி வைக்கணும்."

"நேரத்துக்குச் சொல் வரலைன்னா?"

"எந்தச் சொல்லு?"

"வெள்ளம். இல்லைன்னா, ஓடுங்க. இல்லைன்னா சாமின்னாவது."

படுத்திருந்த ஆவுடை போர்வைக்குள்ளிருந்து முனகினாள்.

"நான் எந்தக் காலத்துல அதெல்லாம் சொன்னேன்? 'ஏய்'னு ஒரு கத்து. அம்புட்டுத்தான்."

"அதுவும் வரலைன்னா?"

சாமி குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு படியிறங்கத் தொடங்கினார்.

"காதுக்குத்தானே நிக்கச் சொன்னேன். வாய்க்கா நிக்கச் சொன்னேன்?"

வாத்தியார் பின்னாலேயே போனார். தோள் பையை விட்டுவிட்டுப் போக மனம் வரவில்லை. அதையும் மாட்டிக்கொண்டார்.

*

வெயில் பாறையைச் சுட்டுக்கொண்டிருந்தது. வானத்தில் பேருக்குக்கூட ஒரு மேகம் இல்லை.

ஆற்றில் முழங்கால் அளவுத் தண்ணீர். சாமி சேலையைச் செருகிக்கொண்டு கல் கல்லாய்த் தாண்டி, குழிப்பாறைக்குப் போனார். முதுகைக் காட்டி நின்று குடத்தைச் சாய்த்தார்.

வாத்தியார் மேட்டுப் பாறையில் நின்றார். மலையைப் பார்த்தார். வாய்க்குள்ளேயே சொல்லிப் பார்த்தார். வெள்ளம். வெள்ளம். ஓடுங்க. சாமி. வெள்ளம். நாக்கின் நுனியில் நிறுத்தி வைத்துக்கொள்ளலாம் என்று நினைத்தார். தேவைப்படும்போது தேட வேண்டியதில்லை.

சில்வண்டுகள் கத்திக்கொண்டிருந்தன.

பிறகு கத்தவில்லை.

மேலே எங்கேயோ ஒரு சத்தம். மரப் பாலத்தில் வண்டி போகிற மாதிரி. தூரத்தில்.

வாத்தியார் தலையைச் சாய்த்துக் கேட்டார். இது என்ன? உறுமலா? உறுமல் இல்லை, அது மிருகத்தின் தொண்டையில் வருவது. முழக்கமா? அதற்கு ஒரு தாளம் வேண்டும். கடகடப்பு? கொஞ்சம் பொருந்துகிறது, ஆனால் இது அடியிலிருந்து வருகிறது, காலுக்குள் வருகிறது. குமுறலா? ஆமாம், குமுறல்தான் பக்கத்தில் வருகிறது.

காலடிப் பாறை அதிர்ந்தது.

அப்போதுதான் அவருக்கு உறைத்தது. சத்தத்துக்குப் பெயர் தேடிக்கொண்டு நின்றிருக்கிறார்.

திரும்பினார். சாமியின் முதுகு தெரிந்தது. குடம் இன்னும் நிறையவில்லை.

வாயைத் திறந்தார்.

ஒன்றும் இல்லை.

நாக்கின் நுனியில் நிறுத்தி வைத்திருந்தது எதுவும் அங்கே இல்லை. வெள்ளம் இல்லை. ஓடுங்க இல்லை. சாமி இல்லை. ஆவுடையின் அந்த ஒற்றைக் கத்துகூட இல்லை. தொண்டை திறந்திருந்தது, காற்று போய் வந்தது. சந்தையில் கத்தரிக்காய்க் கூடையைத் தூக்கிப் பிடித்து நின்ற முகம் தன் முகத்தின் மேல் வந்து ஒட்டிக்கொண்டது தெரிந்தது.

வளைவில் தண்ணீர் தெரிந்தது. தண்ணீர் மாதிரியே இல்லை. மண்ணும் மரமும் எழுந்து நடந்து வருகிற மாதிரி இருந்தது.

எப்போது பாறையிலிருந்து குதித்தார் என்று அவருக்குத் தெரியாது. கல்லில் முழங்கால் மோதியது. பை எங்கேயோ போனது. தண்ணீர் ஏற்கனவே தொடைக்கு வந்துவிட்டது.

சாமியின் மணிக்கட்டு கையில் பட்டது. பிடித்தார். இழுத்தார்.

குடம் விழுந்தது. சாமி திரும்பிப் பார்க்கவும் நேரமில்லை. அவர் இழுத்த பக்கமே வந்தார். ஒரு கல், இன்னொரு கல், அப்புறம் கல்லே இல்லை, வெறும் இழுப்பு. வாத்தியாரின் மறு கையில் ஒரு வேர் சிக்கியது. அது அறுந்திருந்தால் இந்தக் கதை இல்லை. அறுபடவில்லை.

பாறைமேல் விழுந்தபோது அவர்கள் கால்களுக்குக் கீழே குழிப்பாறை இருந்த இடத்தில் ஒன்றும் இல்லை. செம்மண் நிறத்தில் ஒரு முதுகு மட்டும் புரண்டு புரண்டு போய்க்கொண்டிருந்தது. ஒரு முழு மருத மரம் வேரை ஆட்டிக்கொண்டு கடந்தது.

வெகு நேரம் இருவரும் மூச்சு மட்டும் வாங்கினார்கள்.

வெயில் அப்படியே அடித்துக்கொண்டிருந்தது.

"வரலை" என்றார் வாத்தியார். சொன்ன பிறகுதான் குரல் திரும்பிவிட்டது தெரிந்தது. அதில் அவருக்கு எந்த ஆறுதலும் இல்லை.

"என்ன வரலை?"

"கூப்பிட வாயைத் திறந்தேன், சாமி. ஒரு சொல்கூட வரலை. உங்களைக் கொன்னிருப்பேன்."

சாமி பாறையில் எழுந்து உட்கார்ந்தார்.

"எங்க அப்பா நின்ன மாதிரியே நின்னேன். அப்படியே. வந்திருச்சு, சாமி. அவருக்கு வந்தது எனக்கு வந்திருச்சு. அந்தச் சீட்டை இனி நான் எழுதணும்னு இல்லை. அதுவே எழுதிக்கிச்சு."

முகத்தை இரண்டு கைகளாலும் மூடிக்கொண்டார். அறுபது வயதைத் தாண்டிய மனிதர், பள்ளிக்கூடத்துப் பிள்ளையைப்போல் தேம்பினார்.

சாமி முந்தானையைப் பிழிந்தார். தலைமுடியில் சிக்கியிருந்த சருகை எடுத்துத் தண்ணீரில் போட்டார். பாறை ஓரத்துப் புதரில் தோள் பை தொங்கிக்கொண்டிருந்தது. எட்டி எடுத்து வாத்தியாரின் மடியில் வைத்தார். சீட்டுகளின் விளிம்பில் கொஞ்சம் ஈரம், அவ்வளவுதான்.

வாத்தியார் அதைப் பார்க்கவில்லை.

சாமி தன் வலது கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். மணிக்கட்டைச் சுற்றி விரல்கள் ஐந்தும் சிவப்பாய்ப் பதிந்திருந்தன. கட்டைவிரல் நகம் பட்ட இடத்தில் தோல் கிழிந்து ரத்தம் கசிந்தது.

வாத்தியாரின் கைகளை அவர் முகத்திலிருந்து மெல்ல விலக்கினார். தன் மணிக்கட்டை அவர் கண்ணுக்கு நேரே நீட்டினார்.

"வாத்தியாரே, இந்தப் பிடி உங்க குடும்பத்துல வேற யாருக்காவது உண்டா?"